கோடியக்கரை முனையைச் சுற்றி சைக்கிள், நடை, கூடாரம்: பூம்புகார் முதல் மனோரா வரை வழி கேட்கிறேன்

துலாக்கட்டம்

வணக்கம். தை பிறந்ததும் டெல்டாவின் கடலோரத்தைச் சைக்கிளில் ஒரு சுற்றுச் சுற்றி வருவது என்று நானும் சித்தப்பா மகனும் முடிவு செய்திருக்கிறோம். மயிலாடுதுறையில் கிளம்பி, பூம்புகாரில் கடலைத் தொட்டு, தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் வழியாகக் கோடியக்கரை. அங்கே கரை மேற்கே திரும்புகிறது அல்லவா? அந்தத் தென்கரையை விடாமல் பிடித்துக்கொண்டு முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மனோரா கோபுரம். பிறகு பட்டுக்கோட்டையில் ரயில்.

இருவர் படுக்கும் கூடாரம் ஒன்று வாங்கியாயிற்று. கடற்கரையிலோ சவுக்குத் தோப்பிலோ இரவு தங்கலாம், கோடியக்கரைக் காட்டில் நடக்கலாம் என்பது எண்ணம். விடுதியில் தங்குவதாக இருந்தால் பஸ்ஸிலேயே போய்விடலாமே என்பது தம்பியின் கட்சி. வழியில் எங்கெல்லாம் கூடாரம் போட விடுவார்கள்? கோடியக்கரையிலிருந்து முத்துப்பேட்டைக்குக் கரையோரச் சாலை எப்படி இருக்கிறது? சைக்கிளில் போனவர்கள் சொல்லுங்கள்.

இரட்டைச்சக்கரம்

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். அப்படி ஒரு சாலையே இல்லை.

கோடியக்கரைக்கு மேற்கே இருப்பது வேதாரண்யம் பெருஞ்சதுப்பு. கிழக்கு மேற்காக ஏறத்தாழ 48 கிலோமீட்டர் நீளம். பாக் நீரிணைக்கும் அதற்கும் நடுவே ஒரு மணல்திட்டு மட்டும்தான். செயற்கைக்கோள் படத்தில் வெளிறிய சாம்பல் நிறத்தில் தரைபோலத் தெரிகிறதே, அதை நம்பித்தான் எல்லோரும் கோடு போடுகிறார்கள். கோடையில் மேலே உப்புப் பொருக்குக் கட்டி அசல் தரையாகவே ஏமாற்றும். கால் வைத்தால் முழங்கால் வரை சேறு. தை மாதத்தில் தண்ணீரே நிற்கும். போதாததற்குக் கோடியக்கரையை ஒட்டிய பகுதி சரணாலயம், முத்துப்பேட்டைப் பக்கம் காப்புக்காடு. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனாலும் சட்டம் விடாது.

ஆகவே கோடியக்கரை ஒரு முட்டுச்சந்து. போன வழியே வேதாரண்யத்துக்குத் திரும்பி, கருப்பம்புலம், ஆயக்காரன்புலம், வாய்மேடு, துளசியாப்பட்டினம், இடும்பாவனம், தில்லைவிளாகம் என்று சதுப்புக்கு வடக்கே உள்ள ஊர்களின் வழியாகத்தான் முத்துப்பேட்டைக்குப் போக முடியும். கடல் கண்ணில் படாது. ஆனால் மொத்தப் பயணத்திலும் மிதிக்க இதமான துண்டு அதுதான் என்பேன். இருபுறமும் தோட்டம், வேலி, குளம். லாரி குறைவு.

துலாக்கட்டம்

நன்றி அண்ணா. தலையில் தண்ணீர் ஊற்றியதுபோல் இருக்கிறது. பூம்புகாரிலிருந்து தெற்கே வரும் கிழக்குக் கரையிலாவது கடலை ஒட்டியே வர முடியுமா?

இரட்டைச்சக்கரம்

முடியாது. டெல்டா என்றாலே அதுதானே தம்பி. மேலே ஒரு காவிரி, கீழே இருபது வாய். மகிமலையாறு, நண்டலாறு, அரசலாறு, திருமலைராயன் ஆறு, வெட்டாறு, கடுவையாறு, வெள்ளையாறு என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கும். முகத்துவாரத்தில் பாலம் கிடையாது. மணலில் போய் நின்றால் அடுத்த ஊர்க் கோபுரம் எதிரே தெரியும், நடுவில் ஆறு ஓடும். ஒவ்வொரு முறையும் உள்ளே வந்து நெடுஞ்சாலைப் பாலத்தில் கடந்து, வேண்டுமானால் மறுபடி கடலுக்குப் போக வேண்டும். கரைக்குப் போய்த் திரும்பும் தூரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். செயலி காட்டும் தூரத்தை வைத்துப் பொழுதைக் கணக்கிட்டால் இருட்டிய பிறகும் மிதித்துக்கொண்டிருப்பீர்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் திருக்கடையூரிலிருந்து நாகப்பட்டினம் வரை வண்டி அதிகம். விடியற்காலையில் கடந்துவிடுங்கள். வேளாங்கண்ணியைத் தாண்டித் திருப்பூண்டிக்குப் பிறகு காமேஸ்வரம், விழுந்தமாவடி, வேட்டைக்காரனிருப்பு, வெள்ளப்பள்ளம், நாலுவேதபதி, புஷ்பவனம் வழியாக வேதாரண்யம் போகும் சாலையைப் பிடியுங்கள். நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் கடலோரப் பயணம் அங்கேதான் இருக்கிறது.

நாகூரான்

நாகூரில் மாலை வேளையில் வந்து சேரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தர்காவைச் சுற்றியுள்ள தெருக்களில் வாடா என்னும் பலகாரத்தைச் சுடச்சுடப் போடுவார்கள், மேலே ஓர் இறால் பதித்தது. மிதித்து வந்த வயிற்றுக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை. தம்ரூட் இனிப்பு ஒரு பொட்டலம் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டால் வேதாரண்யம் வரை தாங்கும். தர்காவின் ஐந்து மனோராக்களில் (கோபுரங்களைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம்) பெரியது 131 அடி. வடக்கேயிருந்து வரும்போது நெடுந்தூரத்துக்கு அதுவே வழிகாட்டி.

கடைமடை

தம்பி துலாக்கட்டம், கூடாரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன். ஊர் தலைஞாயிறு பக்கம், விவசாயம். வேதாரண்யம் சாலையில் இப்போது முதுகுப்பையுடன் போகும் பிள்ளைகளை நிறையப் பார்க்கிறோம். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும். இது மலைநாடு அல்ல. இங்கே வெற்று நிலம் என்று ஒன்று கிடையாது.

சவுக்குத் தோப்பு யாரோ ஒருவருடையது, அல்லது வனத்துறை போட்டது. வயல் பட்டாதாரருடையது. திடல் கோயிலுடையது. வரப்பும் வாய்க்கால் கரையும் இரவில் தண்ணீர் திருப்ப ஆள் நடக்கும் பாதை. கடற்கரை மணல் யாருடையதும் இல்லை என்று நினைப்பீர்கள். அங்கே வலை காயும், படகு ஏறி இறங்கும், ஊர்ப் பஞ்சாயத்தார் சொல் நடக்கும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அந்த மணலுக்கு வேறொரு கணக்கும் உண்டு. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் பக்கம் கூடாரம் அடித்து, பாட்டுப் போட்டு, நெருப்பு மூட்டினால் யாரும் உங்களை அடிக்க மாட்டார்கள். ஆனால் என்ன நினைப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அதற்காகத் தங்க இடமில்லை என்று சொல்லவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லாத ஊர் இது. 1930-இல் உப்பெடுக்க ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களுடன் நடந்து வந்தபோது, அவர்களுக்குச் சோறும் இடமும் கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் அறிவித்தார். சனங்கள் என்ன செய்தார்கள்? கையில் கொடுத்தால்தானே குற்றம் என்று சாப்பாட்டுப் பொட்டலங்களை வழியில் மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். ஏப்ரல் 13-இல் கிளம்பியவர்கள் 28-இல் வேதாரண்யம் வந்து சேர்ந்தார்கள். 30-ஆம் தேதி உப்பு அள்ளினார்கள். அகஸ்தியம்பள்ளியில் அதற்கு நினைவுத்தூண் இருக்கிறது, நீங்கள் கோடியக்கரை போகும் வழிதான்.

பொழுது சாய்வதற்கு முன்பே ஓர் ஊரில் இறங்குங்கள். டீக்கடையில் உட்காருங்கள். எங்கிருந்து வருகிறீர்கள் என்று அவர்களே கேட்பார்கள். பஞ்சாயத்துத் தலைவரையோ கோயில் தர்மகர்த்தாவையோ பார்த்து, இரவு மட்டும் தங்கிக்கொள்கிறோம் என்று கேளுங்கள். மண்டபம், புயல் பாதுகாப்பு மையம், நெல் களம் என்று ஏதாவது ஒன்றைக் காட்டுவார்கள். கூடாரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு ஒரு கொசுவலை எடுத்து வாருங்கள். பாரமும் குறையும்.

இரட்டைச்சக்கரம்

கடைமடை ஐயா சொல்வதில் பாதிக்கு உடன்படுகிறேன். இடத்தைக் கேட்டுத் தங்க வேண்டும், சரி. ஆனால் ஒவ்வோர் ஊரிலும் நம்மைத் தாங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது இன்னொரு வகைத் தொந்தரவு. அறுவடை நேரத்தில் ஒரு வீட்டுக்காரர் நமக்காகப் பாய் தேடி, சாப்பாடு போட்டு, இரவெல்லாம் பேச்சுக் கொடுத்து, காலை நாலு மணிக்கு வயலுக்கு ஓட வேண்டும். கூடாரமும் அடுப்பும் இருந்தால் இடம் மட்டும் கேட்டால் போதும், ஆளைக் கேட்க வேண்டியதில்லை.

கடைமடை

அது சரி. அறுவடையில் நாலு மணிக்கு ஓடுகிறவன் நான்தான். இருந்தாலும் வாசலில் வந்து நிற்கிறவர்களுக்கு ஒரு வாய் காபி கொடுக்காமல் அனுப்ப முடியாதே.

முல்லைத்தோட்டம்

நான் வேதாரண்யத்துக்காரி. அரசு மருத்துவமனை ஒன்றில் செவிலியராக இருக்கிறேன். ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது, கூடாரத்தை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

காரணம் கட்டுவிரியன். தை, மாசியில் கதிர் அறுக்கும்போது வயலில் இருந்த எலி களத்துக்கும் வைக்கோல் போருக்கும் வருகிறது, பாம்பு பின்னாலேயே வருகிறது. கட்டுவிரியன் இரவில் திரிவது. தரையில் படுத்திருப்பவர்களின் படுக்கையில் ஏறித் தூக்கத்திலேயே கடித்துவிடும். கடி பெரிதாக வலிக்காது, தடம்கூடத் தெளிவாகத் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி, தொண்டை அடைப்பு, இமை தூக்க முடியவில்லை என்று வருவார்கள். நெல் களத்திலும் திறந்த மண்டபத்திலும் வெறும் பாயில் படுப்பது, அதுவும் அறுவடைக் காலத்தில், எனக்குச் சம்மதமில்லை. தரையோடு தைத்த அடிப்பாய் உள்ள கூடாரம், நான்கு பக்கமும் ஜிப் மூடியது, அதுதான் பாதுகாப்பு. மண்டபத்துக்குள்ளேயே கூடாரத்தை விரித்துக்கொள்ளுங்கள். கொசுவலை என்றால் ஓரங்களைப் பாய்க்கு அடியில் முழுவதும் செருக வேண்டும். காலையில் செருப்பை உதறாமல் போடாதீர்கள்.

யாருக்காவது சந்தேகம் வந்தால் கட்டுப் போட்டு இறுக்குவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்க விடாமல், கையையோ காலையோ அசைக்காமல் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். விஷமுறிவு மருந்து அங்கே இலவசம்.

பெண்கள் யாராவது இதைப் படித்துக் கிளம்புவதாக இருந்தால்: கூடாரத்தைவிடக் கழிப்பறைதான் பெரிய கேள்வி. வேளாங்கண்ணியில் விடுதிக்குப் பஞ்சமில்லை, குளித்துத் துவைத்துக்கொள்ள அதுவே நல்ல இடம். அங்கிருந்து வேதாரண்யம் வரை பெட்ரோல் பங்குகளும் பஸ் நிலையங்களும்தான் கதி. நானும் தோழிகளும் அந்தச் சாலையில் போகும்போது பள்ளிக்கூடம் விடுமுறை இல்லாத நாளாகப் பார்த்துப் போவோம். ஆசிரியைகளிடம் கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

கடைமடை

மகளே, கோபமெல்லாம் இல்லை. எங்கள் ஊரிலும் போன ஆண்டு ஒரு பையனைக் களத்தில்தான் கடித்தது, பிழைத்துக்கொண்டான். தம்பி, கூடாரத்தை எடுத்துக்கொள்.

வாடைக்காற்று

ஆறுகாட்டுத்துறையிலிருந்து எழுதுகிறேன். சைக்கிள் எனக்குத் தெரியாது, காற்று தெரியும்.

தை மாதம் வாடை நிற்கும். வடகிழக்கிலிருந்து வரும். பூம்புகாரிலிருந்து தெற்கே வருகிறவர்களுக்கு முதுகில் கை வைத்துத் தள்ளுவதுபோல் இருக்கும். கோடியக்கரை வரை சிரித்துக்கொண்டே வருவீர்கள். அங்கிருந்து வேதாரண்யம் திரும்பும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் முகத்தில் அடிக்கும். உப்பளத்தின் நடுவே போகும் சாலை, மறைவுக்கு ஒரு மரம் இல்லை. விடியற்காலையில் காற்று தணிந்திருக்கும்போதே கிளம்பிவிடுங்கள். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். அதன் பிறகு முத்துப்பேட்டைப் பக்கம் மேற்கே திரும்பினால் மறுபடி பக்கத்துணை. அதாவது நீங்கள் போட்ட திசை சரியான திசை. ஆனி, ஆடியில் யாராவது கிளம்பினால் தலைகீழாகப் போக வேண்டும். அப்போது சோழகமும் (தென்காற்று) கச்சானும் (மேல்காற்று) மாறி மாறி அடிக்கும். பட்டுக்கோட்டையில் ஆரம்பித்துப் பூம்புகாரில் முடிக்கலாம்.

கோடியக்கரையில் கூடாரம் போட இடம் தேடுகிறீர்கள். ஐப்பசியிலிருந்து மாசி, பங்குனி வரை அங்கே மீன்பிடிக் காலம். வெளியூர் மீனவர்கள் படகோடு வந்து, குடும்பமாகக் கீற்றுக் கொட்டகை போட்டு மாதக்கணக்கில் தங்குவார்கள். ஏலம், ஐஸ் வண்டி, டீக்கடை, கருவாடு என்று ஒரு சின்ன ஊரே முளைத்திருக்கும். அந்தக் கொட்டகைகளை ஒட்டி இடம் கேளுங்கள். தனியாக ஒதுங்கிப் போய்ப் படுக்காதீர்கள். சாப்பாடும் மீனும் தானாக வரும்.

இன்னொன்று. தையிலிருந்து பங்குனி வரை பங்குனி ஆமை முட்டையிடக் கரை ஏறும் காலம். இரவில் மணலில் டார்ச் அடிக்காதீர்கள், நெருப்பு மூட்டாதீர்கள். வெளிச்சம் பட்டால் ஆமை திரும்பிப் போய்விடும். குஞ்சு வெளிவரும் நாட்களில் வெளிச்சத்தைப் பார்த்துக் கடலுக்குப் பதிலாகச் சாலைக்கு நடக்கும்.

பறவைநோக்கி

கோடியக்கரை சரணாலயம் பற்றிச் சில விவரங்கள்.

1967-இல் வெளிமானுக்காக அறிவிக்கப்பட்டது. 2002-இல் பெருஞ்சதுப்பு, முத்துப்பேட்டை, தலைஞாயிறு காப்புக்காடு எல்லாம் சேர்ந்து 38,500 ஹெக்டேர், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறியது. உள்ளே போக வனத்துறையின் அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் இரவு தங்குவதும் நெருப்பு மூட்டுவதும் 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆகவே காட்டுக்குள் கூடாரம் என்ற பேச்சே வேண்டாம். வனத்துறைக்கு அங்கே தங்கும் விடுதி உண்டு, முன்கூட்டியே கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

நடை என்று எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு ஒரு செய்தி: இந்தப் பகுதியின் சிகரம் இராமர் பாதம். உயரம் ஏறத்தாழ நான்கு மீட்டர். சிரிக்காதீர்கள், ஏறிப் பாருங்கள். சுற்றிலும் அவ்வளவு தட்டையாக இருப்பதால் அந்த நான்கு மீட்டரிலேயே காடு, சதுப்பு, கடல் மூன்றும் தெரியும். காடு என்றால் மேற்குத்தொடர்ச்சி மலைக்காடு அல்ல. குட்டையான, முள் நிறைந்த, ஆண்டு முழுதும் பச்சையாக இருக்கும் உலர் பசுமைக்காடு. பாலை மரம் அதன் அடையாளம். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை கடந்தபோது பெருமரங்கள் ஏராளம் விழுந்தன. விழுந்த இடங்களில் சீமைக் கருவேலம் புகுந்துவிடாமல் பார்ப்பது பெரும்பாடு.

வெளிமான் புல்வெளியில் நிற்கும். அதே புல்லை மேய்வது மட்டக்குதிரைகள். வளர்த்தவர்கள் விட்டுப்போய்க் காட்டில் பெருகியவை. படம் எடுக்க அழகு, ஆனால் மானுக்குப் போட்டி. சாலையோரம் நின்று சத்தமில்லாமல் பாருங்கள். சைக்கிளில் வந்தால் மான் காரைப் பார்த்து ஓடுவதுபோல் ஓடுவதில்லை என்பது என் அனுபவம். இறங்கி நடந்தால்தான் ஓடுகிறது!

பூநாரை பார்க்க வேண்டுமானால் தண்ணீர் மட்டம் முக்கியம். மழை அதிகமாகி ஆழம் கூடினால் அவை உள்ளே தள்ளிப் போய்விடும். தை கடைசி, மாசியில் தண்ணீர் வடிய வடிய நெருங்கி வரும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளுக்கு வளையம் இட்டு வருகிறது. சேற்றில் ஓடும் கொசு உள்ளான் ஒன்று கைப்பிடிக்குள் அடங்கிவிடும். அது வட துருவத்தை ஒட்டிய நிலங்களிலிருந்து வருகிறது.

தை அமாவாசையன்று மட்டும் போகாதீர்கள். கோடியக்கரைக் கடலில் நீராட வரும் கூட்டத்தில் சாலையே தெரியாது.

துலாக்கட்டம்

எல்லோருக்கும் நன்றி. தம்பியிடம் வாசித்துக் காட்டினேன். கட்டுவிரியன் பகுதி வந்ததும் விடுதி அவ்வளவு மோசமில்லை என்கிறான்.

திட்டத்தை மாற்றிவிட்டேன். தரங்கம்பாடியில் ஓர் இரவு, வேளாங்கண்ணியில் விடுதி, புஷ்பவனம் பக்கம் ஊரில் கேட்டுக் கூடாரம், கோடியக்கரையில் வனத்துறை விடுதி அல்லது மீனவர் கொட்டகை ஓரம், முத்துப்பேட்டை, பிறகு மனோரா. தரங்கம்பாடியில் மணலில் நடக்க முடியுமா? சைக்கிள் தயாரிப்புக்கு என்னென்ன வேண்டும்?

இரட்டைச்சக்கரம்

முதலில் முள். சீமைக் கருவேலம் இல்லாத ஓரம் இந்தக் கரையில் இல்லை. சாலையை விட்டு மண்ணில் இறக்கினால் பஞ்சர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிழலில் நிறுத்தும்போதுகூட சைக்கிளைத் தூக்கி வையுங்கள். டயருக்கும் டியூபுக்கும் நடுவே போடும் பட்டை ஒன்று கிடைக்கும், அதைப் போடுங்கள். கூடுதலாக டியூப் எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு ஊர் பஞ்சர் கடை உண்டு, ஆனால் அவர்களிடம் இருப்பது சாதாரண சைக்கிள் வால்வுக்கான பம்பு. உங்கள் சைக்கிளில் பிரெஸ்டா வால்வு இருந்தால் அதற்கான மாற்றுமூடியையும் கைப்பம்பையும் மறக்க வேண்டாம்.

இரண்டாவது உப்பு. அகஸ்தியம்பள்ளியில் ஒரு மாலை நின்றால் போதும், மறுநாள் செயின் சிவந்திருக்கும். தினமும் நல்ல தண்ணீரில் துடைத்து எண்ணெய் விடுங்கள். கடற்கரை ஈரமணலில் ஓட்டிப் படம் எடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். ஓட்டிக்கொள்ளுங்கள், ஆனால் அன்றிரவே கழுவிவிட வேண்டும்.

மூன்றாவது நெல். அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காயும். எதிரே பஸ் வரும்போது நெல்மீது ஏற்றாமல் இறங்கி நில்லுங்கள். உருண்டையான மணி, சறுக்கும். காய வைத்தவரின் வயிற்றெரிச்சல் வேறு.

தண்ணீர் பற்றியும் சொல்ல வேண்டும். வேளாங்கண்ணிக்குத் தெற்கே பல ஊர்களில் நிலத்தடி நீர் உவர்ப்பு. குழாயில் வருவது கொள்ளிடத்துத் தண்ணீர், அது வரும் நேரம்தான் வரும். பாட்டிலை நிரப்பும் வாய்ப்பு எங்கே கிடைத்தாலும் நிரப்பிவிடுங்கள்.

முல்லைத்தோட்டம்

உவர்ப்பு நீர்தான், ஆனால் மணல்மேட்டு ஊர்களில் தோட்டத்துக் குட்டைத் தண்ணீர் இனிக்கும். மழைநீர் மணலில் தங்கி நிற்பது. அதை நம்பித்தான் எங்கள் பக்கம் முல்லையும் மாவும். விடியற்காலையில் சைக்கிளில் போனால் தலையில் டார்ச் கட்டிக்கொண்டு அரும்பு பறிப்பவர்களைப் பார்ப்பீர்கள். பாதையை விட்டு விலகி நின்று வணக்கம் சொல்லிவிட்டுப் போங்கள், கூடை கிளம்பும் அவசரத்தில் இருப்பார்கள்.

பறவைநோக்கி

தரங்கம்பாடிக்கு: கோட்டையை 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டினார்கள், 1845-இல் ஊரோடு ஆங்கிலேயருக்கு விற்றார்கள். கோட்டைக்கு வடக்கே மாசிலாமணிநாதர் கோயில், பாண்டியர் காலத்தது. அதன் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது, இப்போது கல் கொட்டித் தடுத்திருக்கிறார்கள். அங்கிருந்து வடக்கே மணலில் நடக்கலாம், குட்டியாண்டியூர் தாண்டிச் சின்னங்குடி வரை. நடுவே ஆற்று வாய் குறுக்கிடும். மணல் மூடியிருந்தால் கடக்கலாம், திறந்திருந்தால் மீனவர்களைக் கேட்காமல் இறங்காதீர்கள். முழங்கால் ஆழம்போலத் தெரியும், இழுப்பு கடலை நோக்கி இருக்கும்.

வாடைக்காற்று

இறங்கவே வேண்டாம் என்று சொல்லுங்கள் ஐயா. கேட்டால் படகில் அக்கரை விடுவார்கள். நீச்சல் தெரிந்தவர்களைத்தான் முகத்துவாரம் கொண்டுபோகிறது, தெரியாதவர்கள் இறங்குவதில்லை.

நாகூரான்

ஆவணியில் யாராவது திட்டமிட்டால் ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணியைச் சுற்றிச் சைக்கிளுக்கு இடமில்லை. காவி உடுத்தி நடந்து வரும் யாத்திரிகர்கள் சாலை ஓரம் முழுதும் இருப்பார்கள். ஆனால் நடக்க விரும்புகிறவர்களுக்கு அதுவே நல்ல நேரம். வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல், சாப்பாடு, படுக்க இடம். சாதி மதம் கேட்க மாட்டார்கள்.

கடைமடை

தம்பி, ரயிலைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. காற்று ஒத்துழைக்காவிட்டாலோ உடம்புக்கு முடியாவிட்டாலோ, திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரை அகலப்பாதை 2023-இல் திறந்துவிட்டார்கள். வேதாரண்யத்தில் ஏறலாம். பல ஆண்டுகள் ரயில் இல்லாமல் கிடந்தோம். சைக்கிளை ஏற்றுவார்களா என்று ஸ்டேஷனில் முன்பே கேட்டுக்கொள், எல்லா வண்டியிலும் லக்கேஜ் பெட்டி இருப்பதில்லை. முத்துப்பேட்டையும் அதிராம்பட்டினமும் திருவாரூர் - காரைக்குடி பாதையில் இருக்கின்றன.

அலையாத்தி

தாமதமாகப் பார்த்தேன். முத்துப்பேட்டைக்காரன்.

அலையாத்திக் காட்டை, அதாவது உப்புநீர்ச் சேற்றில் வளரும் சதுப்புநிலக் காட்டை, சைக்கிளில் பார்க்க முடியாது, கரையில் நின்றும் பார்க்க முடியாது. ஜாம்புவானோடைப் பக்கம் படகுத்துறை இருக்கிறது, வனத்துறை அனுமதி பெற்றுப் படகில் கோரையாற்றில் இறங்கினால் இருபக்கமும் காடு, கடைசியில் காயல். கோரையாறு, பாமணியாறு, கிளைதாங்கி, மரக்காக்கோரை, கந்தப்பரிச்சான் எல்லாம் வந்து விழும் இடம் அது. மேட்டூரில் திறந்த தண்ணீரில் மிச்சம் இருப்பது எங்களிடம்தான் வந்து சேருகிறது, ஆகவே எங்கள் காடும் காவிரிக் கணக்கில்தான் வாழ்கிறது. மரங்களில் பெரும்பாலும் அலையாத்தி. சேற்றிலிருந்து ஆணி நட்டதுபோல் மேலே நீட்டிக்கொண்டிருப்பது அதன் மூச்சுவேர், மிதிக்காதீர்கள்.

காலை முதல் படகைப் பிடியுங்கள். பத்து மணிக்குமேல் வெயிலும் காற்றும் சேர்ந்துகொள்ளும், பறவையும் ஒதுங்கிவிடும். விடுமுறை நாள் வேண்டாம். சில நேரம் காரணம் சொல்லாமலும் படகை நிறுத்திவைப்பார்கள், முந்தின நாளே வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

அங்கிருந்து மனோராவுக்கு அதிராம்பட்டினம், ராஜாமடம், மல்லிப்பட்டினம் வழி. ராஜாமடத்தில் மராட்டியர் காலத்துச் சத்திரம் பார்க்க வேண்டியது. இராமேசுவரம் போகிறவர்களுக்காக அரசர்கள் இந்தச் சாலை நெடுகக் கட்டியவற்றில் ஒன்று. மனோரா சரபோஜி மன்னர் நெப்போலியன் தோல்வியைக் கொண்டாடக் கட்டியது, அறுகோணம், எட்டு நிலை. எதிரே உள்ள கடலில் 2022-இல் கடற்பசுவுக்குக் காப்பகம் அறிவித்திருக்கிறார்கள். கடற்பசு கண்ணில் படும் என்று காத்திருக்காதீர்கள், அது கடற்புல் மேய்ந்துகொண்டு அடியில் கிடக்கும்.

துலாக்கட்டம்

அண்ணா, படகில் போகும்போது சைக்கிளையும் மூட்டையையும் எங்கே வைப்பது? பூட்டுப் போட்டு விட்டுப் போனால் போதுமா?

அலையாத்தி

படகுத்துறையில் பூட்டிவிட்டுப் போகலாம், திருட்டு இல்லை. குரங்கு இருக்கிறது. தின்பண்டம் ஏதாவது பையில் இருந்தால், குறிப்பாக அந்த நாகூர்த் தம்ரூட், கையோடு எடுத்துப் போய்விடுங்கள். மூட்டையைத் துறைக்கு முன்னால் உள்ள டீக்கடையில் வைத்துவிட்டு, திரும்பி வந்ததும் அங்கேயே சாப்பிட்டுக் கிளம்புங்கள்.